ஜோடிக் கூலி

கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டும் வீரமுத்து தன் வெள்ளாட்டை மறந்த அன்றே அது ஊரார் கண்ணுக்குத் தெரியாமல் போனது. தழை குறைந்தது, முட்டினால் வலித்தது. உருவமும் குரலும்தான் இல்லை. அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. "யார் வூட்டு ஆடு இது?" என்று கேட்டார். சந்தையில் தடவிப் பார்த்து வாங்கிப் போனார்கள். தெரியாத ஆட்டுக்குப் பாதி விலை என்பது அதற்குள் வழக்கமாகியிருந்தது, ஏனென்றால் அந்த வருடம் வட்டாரத்தில் மறதிக்காரர்கள் பெருகிவிட்டார்கள். மணலூர்பேட்டையில் ஒருவர் தன் இரண்டு ஏக்கரை மறந்ததில், பத்திரம் கையில் இருந்தும் அவர் பிள்ளைகளால் நிலத்தை விற்க முடியவில்லை. வீரமுத்துவுக்கு மருந்து எழுதிய டாக்டர், கூடவே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்றார். அந்த ஆளுக்கு யார் கூலி கொடுப்பது என்று அவர் எழுதவில்லை.

வீரமுத்துவின் மனைவி ஆயம்மாள் வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது. கரும்பு வெட்டில் தனி ஆளுக்கு வேலை கிடையாது. ஆண் வெட்ட, பெண் பின்னால் தோகையை முறுக்கிக் கட்டுப் போட வேண்டும். கூலி ஜோடிக்குத்தான். அதனால் அவருடைய மறதியை மேஸ்திரி தீனதயாளனிடம் மறைத்து, கையைப் பிடித்துக் கழனிக்குக் கூட்டிப் போனாள். கத்தியைக் கொடுத்தால் போதும், கை தானாக வெட்டியது. ஆட்டுக்கு நேர்ந்தது தனக்கும் நேர்ந்துவிடுமோ என்பதே அவள் பயம். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "இந்தாமே" என்றால் வந்துவிடுவாள், அதில் பெருமை வேறு. இப்போது அவர் பற்றிக்கொள்ள ஒரு பெயர்கூட இல்லாமல் போயிற்று. அதனால் தினமும் கஞ்சி ஊற்றும்போது கேட்டாள்.

"எம் பேரு இன்னா, சொல்லுய்யா."

"ஆயம்மா."

"நான் யாரு உனக்கு?"

"பொண்டாட்டி."

தை பாதியில் ஒரு காலை அவர் கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டு, "நீ யாரும்மா? நல்லா இருப்ப," என்றார். பாவி மனுஷன், வாழ்த்தத்தான் செய்தார். பிடித்த கை தெரியாமல் சொம்பு மட்டும் அந்தரத்தில் நின்றதைப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் பார்த்திருக்கிறாள்.

அன்றும் வீரமுத்து வேலைக்கு வந்தார், ஒரு கையை முன்னால் நீட்டியபடி. தனி ஆள் என்று திருப்பி அனுப்ப தீனதயாளன் எழுந்தார். அதற்குள் வீரமுத்து வெட்டிப் போட்ட கரும்பு அவர் பின்னால் தானாக அடுக்கிக்கொண்டு, தோகை முறுக்கி, கட்டாக விழத் தொடங்கியது. ஆயம்மாள் போடும் அதே இரட்டை முடிச்சு. மேஸ்திரி மறுபடி உட்கார்ந்துகொண்டார். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது வீரமுத்து கை நீட்டவில்லை.

"அந்தப் பொம்பளைக்குக் குடுத்துட்டீங்களா? யாரு பெத்த புள்ளையோ, நாள் பூரா என் பின்னால கட்டிக்கினே இருக்குது. கண்ணுல தண்ணி வேற."

தீனதயாளன் கூலியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் கடைசிக் கட்டின் மேல் வைத்தார். அது மெல்ல மடிந்து, இடுப்பு உயரத்துக்கு எழும்பி, செருகியதுபோல் காணாமல் போனது. அதன்பிறகு தனியாக வேலை கேட்டு வருகிற எவரையும் அவர் உடனே திருப்பி அனுப்புவதில்லை. பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று முதலில் கேட்கிறார்.