ஒன்பது விரதமும் ஒரு படகும்

படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் ஆள்காட்டி விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டிக்கொண்டது. முந்தின நாள் மத்தியானம் விரிசலில் பூசிய ரெசின் பசை, விடிந்து எட்டு மணியாகியும் பாகு பதத்திலேயே இருந்தது.

"கொஞ்சம் வெயில் வந்தா இறுகிரும் கோகிலா."

"எட்டு நாளா இதையேதான் சொல்றீங்க. வெயிலுக்கு உங்க மேல அப்படி என்ன பாசமுங்க, ஓடி வாரதுக்கு?"

நான் அவரை மரியாதையோடுதான் திட்டுவேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட 'ங்க' விட்டுப்போனதில்லை, சசி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கேட்பவர்கள் என்னைப் பொறுமைசாலி என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்குத்தான் தெரியும்.

மலை அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சிப் பக்கம் எங்கள் காடு, மழையை நம்பி விதைக்கிற நிலம். செம்புக் கணக்கில் தண்ணீர் மொண்டு குளிக்கிற ஊர். அங்கே பிறந்து வளர்ந்த மனிதர், நீச்சல் தெரியாதவர், இடுப்பளவு தண்ணீரைக் கண்டாலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு அடி பின்னால் போகிறவர், ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஏலத்தில் படகு எடுத்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு பேர் உட்காருகிற ஃபைபர் படகு. மலைமேல் புதிதாக ரிசார்ட் கட்டுகிறவர்கள் குளம் வெட்டியிருக்கிறார்களாம், அதில் படகு விட ஆள் தேடுகிறார்களாம். காட்டை அவருடைய அண்ணனுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பினார். பசுமாட்டுக்குச் சரசு என்று பெயர் வைக்கிற மாதிரி அந்தப் படகுக்கு என் பெயரை எழுதலாமா என்று வேறு கேட்டார். என் பெயரை எழுதினால் பெயின்டை நானே சுரண்டிவிடுவேன் என்று சொன்னேன்.

லாரியில் ஏற்றி வரும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பாறை உரசியது. இறக்கிப் பார்த்தால் அடிவயிற்றில் ஒரு முழத்துக்கு விரிசல். சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், போட்டோ எடுத்தார், "கீழ கொண்டாந்தீங்கன்னா பண்ணிரலாம்" என்றார், கோழிக்கறி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு இவரே ரெசின் டப்பா வாங்கிவந்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். முதல் தடவை பனியில் இறுகவேயில்லை. இரண்டாவது தடவை இறுகுகிற மருந்தை அள்ளி ஊற்றினார், புகைந்து அப்பளம் மாதிரி வெடித்துவிட்டது. இது மூன்றாவது. ரிசார்ட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். படகு தண்ணீரில் நிற்கவில்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இன்று வியாழன். அப்படி ஆனால் நாளையிலிருந்து இவர் தன் சொந்தக் காட்டிலேயே அண்ணனுக்குக் கூலிக்கு நிற்க வேண்டும், நான் அண்ணன் பெண்டாட்டி நீட்டுகிற கூலியைக் கைநீட்டி வாங்க வேண்டும்.

நாங்கள் தங்கியிருந்தது குளத்தை ஒட்டிய செங்கோடன் வீட்டு முன்னறையில். மரவள்ளியும் மிளகும் போடுகிற மலைக்காரர்கள். செங்கோடன் பேசவே மாட்டார். அவர் பெண்சாதி பெருமாயிதான் எல்லாம். நான் கீழேயிருந்து அடுப்பு, அரிசி, பருப்பு, இரண்டு கேன் தண்ணீர் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். என் பிறந்த வீட்டில் மலைக்காரர் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே உடம்பில் ஊறிப்போகிற விஷயங்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்று.

போன அன்றைக்கே பெருமாயி வந்து, "அம்மிணி, சோறு ஆக்கிட்டனுங்க, ஒருவாய் சாப்புடுங்க" என்றாள். சஷ்டி, விரதம் என்றேன். மறுநாள் வியாழக்கிழமை விரதம். அடுத்த நாள் வெள்ளி. சனிக்கிழமை பெருமாளுக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தச் சாமியும் அகப்படாமல் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னேன். திங்கள் ஏகாதசி. செவ்வாய் முருகனுக்கு. நேற்று பிரதோஷம். ஒவ்வொரு நாளும் "சரிங்க அம்மிணி" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் சோறு வடிப்பதும் ரசம் தாளிப்பதும் அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். மலைக்காரிக்கு என்ன தெரியப்போகிறது என்ற நினைப்பு.

இவர் மட்டும் என் ரசத்தை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று எழுந்துவிடுவார். கவலையில் சாப்பாடு இறங்கவில்லை என்று நானும் நினைத்தேன். நாலாம் நாள் கொல்லைப் பக்கம் போனபோது பார்த்தேன். செங்கோடனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ராகிக் களியைக் கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தார். "மறைக்காதீங்க, கையில குழம்பு வழியுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மானங்கெட்ட மனுசன்.

இன்றைக்குக் காலையில் ரெசின் இறுகாததைப் பெருமாயியும் குனிந்து பார்த்தாள். உள்ளே போய் அடுப்புக்கு மேலே பரணில் செருகி வைத்திருந்த ஒரு குச்சியை எடுத்து வந்தாள். குச்சியின் முனையில் கைமுட்டி அளவுக்குக் கறுப்பாக உருண்டை.

"பலாப் பாலுங்க. சூடு பண்ணி அப்புனா அண்டா ஓட்டையெல்லாம் நிக்குமுங்க. தண்ணி பட்டாலும் உடாது."

"கம்பெனி மருந்துக்கே நிக்காதது இதுக்கு நிக்குமாங்க?" என்று சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருமாயி கல்மேல் உட்கார்ந்து குச்சியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடுக்கறனுங்க. எங்கூட்டுல ஒருவாய் சாப்புடாதவங்களுக்கு எங்க மரத்துப் பால எப்படிங்க குடுக்கறது? அம்மிணி, இன்னிக்கு என்ன விரதமுங்க?"

நான் மனசுக்குள் சாமிகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு சாமியும் மிச்சமில்லை.

"போன வியாழன் சொல்லிட்டீங்க. எங்கூட்டுலயும் காலண்டர் இருக்குதுங்க. வடிச்ச கஞ்சிய நீங்க ஊத்தறது எங்க கொல்லையிலதானுங்க."

குரலை உயர்த்தவில்லை, கோபமும் இல்லை. மளிகைக் கடையில் பாக்கிச் சாமான் கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. ஒன்பது நாளும் அவளை ஏமாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாளும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இவர் என்னைச் சாப்பிடச் சொல்லிக் கேட்கவில்லை. படகுக்கு அடியில் திரும்பிப் படுத்துக்கொண்டு, ஒட்டாத ரெசினை ஆணியால் சுரண்ட ஆரம்பித்தார். அவர் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். கேட்காமல் சுரண்டினார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். பெருமாயி பரிமாறிவிட்டு, நான் வாயில் வைக்கிறேனா என்றுகூடப் பார்க்காமல், வெளியே அடுப்பு மூட்டப் போய்விட்டாள். பதினெட்டு வருடமும் அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடமும் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை நான் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து விட்டுக்கொடுத்தேன், பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை. குழம்பு நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. சட்டியிலிருந்து நானே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

மத்தியானம் முழுக்க ஒட்டும் வேலை. பழைய ரெசினைச் சுரண்டி எடுத்து, பாலை நெருப்பில் காட்டி உருக்கி, சாக்குத் துணிப் பட்டையோடு சேர்த்து விரிசலில் அப்பினாள் பெருமாயி. கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் செய்தாள், இருந்தும் உள்ளங்கையெல்லாம் பிசுபிசுப்பு. நாலு மணிக்கு அக்கம்பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் கை கொடுக்க, படகு குளத்தில் இறங்கியது. மிதந்தது.

அதோடு விட்டிருக்கலாம். "ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்" என்று இவர் ஏறினார். போட்டுக்கொள்ள மிதவைச் சட்டை இல்லை, அதெல்லாம் நாளைக்கு ரிசார்ட்டுக்காரர்கள் கொண்டுவருவார்களாம். கரை ஓரமாகச் சுற்றிப் பார்க்கிற புத்தியாவது இருக்க வேண்டாமா? ஒரு துடுப்பை வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றித் தள்ளி, கோணல் மாணலாக நேரே நடுக்குளத்துக்குப் போனார். அங்கே நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். செங்கோடன் வாயில் முதன்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். நான் திட்டுவதற்கு வாயெடுத்தேன்.

அப்போது இவர் குனிந்தார். படகுக்குள் முழுக்கக் குனிந்தார், முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்க்கிறாரா, தண்ணீர் இறைக்கிறாரா, கரையிலிருந்து தெரியவில்லை. நிமிரவில்லை. குளத்தின் மேல் பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

அந்த முட்டாள் மனுசன் இல்லாமல் நான் யாரைத் திட்டிக்கொண்டு உயிர் வாழ்வேன் என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றியது, வேறு மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை.

"டேய் சசி" என்று கத்தினேன். 'ங்க' வரவில்லை.

சேறு கணுக்காலைப் பிடித்தபிறகுதான் நான் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருப்பது தெரிந்தது. சேலை முழங்காலுக்கு மேல் நனைந்துவிட்டது. எனக்கும் நீச்சல் தெரியாது. பின்னாலிருந்து பெருமாயி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நில்லுங்க அம்மிணி. அங்க ஆழமுங்க."

அவள் உள்ளங்கையிலிருந்த பலாப் பால் என் வளையலோடும் தோலோடும் சேர்த்து ஒட்டிக்கொண்டது. நான் இழுக்கவில்லை, அவளும் விடவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றபடி இரண்டு பேரும் அந்த வளைந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.