காற்று நாற்பதைத் தாண்டிய மதியம்

காற்று நாற்பது மைல் வேகத்தைத் தாண்டினால் மடாலயத்தைப் பூட்டிவிட வேண்டும். எடின்பரோ அரண்மனையில் பதினோரு வருடமாகக் காவல் பார்க்கிறேன். எரிச்சலூட்டும் விதிகள் எத்தனையோ உண்டு, இதைப் பற்றி மட்டும் நான் வாய் திறந்ததில்லை. அரண்மனையை ஒட்டி நிற்கும் மடாலயத்தில் கூரை எப்போதோ விழுந்துவிட்டது; தூணும் சுவரும்தான் மிச்சம். பலமாக அடித்தால் மேலிருந்து கல் உதிரும்.

அன்று இரண்டரை மணிக்குக் காற்று எகிறியது. கூட்டத்தை வெளியே அனுப்பினோம். உள்ளே போகிறவர்களுக்கு விளக்கம் கேட்க ஹெட்செட் கொடுப்போம், திரும்பும்போது வாங்கி ஆணியில் மாட்டுவோம். ஆணிகள் நிறைந்துவிட்டால் உள்ளே ஆள் இல்லை என்று கணக்கு. நிறைந்திருந்தன. மடாலய வாசலில் நின்று பேருக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு, காற்றின் சத்தத்துக்கு மேலே வாக்கிடாக்கியில் கத்தினேன்.

"மடாலயத்துல யாரும் இல்ல. பூட்டுறேன்."

கதவைப் பூட்டி, சாவியை என்னோடு காவல் பார்க்கும் டூகலிடம் கொடுத்துவிட்டு கேன்டீனுக்குப் போனேன். என் அக்கா எஃபியை அங்கேதான் உட்கார வைத்திருந்தேன். இரண்டு வருடமாக அவளுக்கு நினைவு தடுமாறுகிறது. தனியாக விட முடியாத நாட்களில் என்னோடு கூட்டி வந்துவிடுவேன்.

நாற்காலி காலி. கோட்டு மட்டும் கிடந்தது.

"உங்க அக்காவா? உங்களைத் தேடி மடாலயத்துப் பக்கம் போனாங்களே, அப்பவே" என்றாள் டீ ஊற்றும் பெண்.

இங்கே வேலை பார்க்கிறவர்களின் வீட்டு ஆட்களுக்கு டிக்கெட்டும் கிடையாது, ஹெட்செட்டும் கிடையாது. ஆணிக்கு அவளைத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓடினேன். டூகல் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றான்.

"சாவியைக் குடு. அக்கா உள்ள இருக்கா."

"நீதானே யாரும் இல்லன்ன?"

"சொன்னேன். குடு."

"பூட்டுனப்புறம் போகக் கூடாது தாயே. உன் வேலை போயிடும்."

"அவ தலை போனா நீ ஒட்டித் தருவியா?"

அவன் சாவியைப் போட்டுத் திறந்தான், என் தலையில் அவனுடைய தொப்பியை அழுத்தி வைத்தான். அந்தக் கம்பளித் தொப்பி எந்தக் கல்லைத் தடுக்கும்?

உள்ளே காற்று ஊளையிட்டது. எனக்கு அவ்வளவு பயம், கால் தரையில் ஒட்டிக்கொண்டது. மேலே பார்த்தால் நகரமாட்டேன் என்று தெரியும், அதனால் பார்க்கவில்லை. "எஃபி" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எங்கோ இடதுபுறம் ஒரு கல் விழுந்து உடைந்தது. அவள் மேல் விழுந்திருக்குமோ என்ற நினைப்பில்தான் கால் எழுந்தது. சத்தம் வந்த பக்கம் ஓடினேன். அங்கே சில்லுகள் மட்டும் கிடந்தன.

கிழக்கு ஜன்னல் வரை தேடினேன். இல்லை. சாமியைக் கும்பிடாத நான் கும்பிட்டுக்கொண்டே திரும்பினேன்.

வாசலுக்கு அருகிலேயே, முதல் தூணின் பின்னால் நின்றிருந்தாள். நான் நின்று கத்திய இடத்திலிருந்து நாலு எட்டு இருக்காது. கைகளைக் கோத்துக்கொண்டு, ஆடாமல், உதடு நீலம் பாரித்து நின்றாள். அவளை வாரிக்கொண்டு வெளியே வந்தேன். டூகல் கதவைச் சாத்தினான்.

பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இவ்ளோ பக்கத்துல நின்னுட்டு ஏன்க்கா கூப்பிடல? நான் பூட்டுறது கேக்கலியா?"

"கேட்டுச்சு" என்றாள். என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. சந்தேகம் தீராதவள் மாதிரி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள யாரும் இல்லன்னு நீ சொன்ன. இங்க வேலை பாக்குறவ, உனக்குத் தெரியாதா? அப்போ நான் இல்ல போலிருக்குன்னு நின்னுட்டேன்."