சாயத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

திருப்போரூர் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் விஜயகுமாரி நடத்திய பேனர் டிசைன் கடையில் ஒருவர் உட்காரலாம், ஒருவர் நிற்கலாம். மூன்றாவதாக ஒருவர் வந்தால், அவர் சந்தில் நின்றபடிதான் தன் மகளின் கல்யாணத் தேதியைச் சொல்ல வேண்டும். அவ்வளவு சின்ன கடைக்குள்தான் பதினோரு வருஷமாக முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் குடியிருந்தன. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. குடும்பத்துக்கு ஒரே ஒரு ஃபைல். காதுகுத்துக்குப் போட்ட அதே ஃபைலில்தான் மஞ்சள் நீராட்டு, அதே ஃபைலில்தான் கல்யாணம், வேளை வந்தால் கண்ணீர் அஞ்சலியும் அதே ஃபைலில்தான். ஒவ்வொருவர் படமும் ஒரு தனி அடுக்கு. அடுக்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண். அதைத் தட்டினால் ஆள் மறைவார், மறுபடி தட்டினால் வந்து நிற்பார். தாய்மாமனோடு பேச்சு வார்த்தை இல்லையா, மாமனை மறை. சமாதானமாகிவிட்டார்களா, திற. யாரையும் அவள் அழித்ததே இல்லை.

"இன்னைக்கு அடிச்சிக்கிறவன் நாளைக்கு ஒண்ணா குந்தி கறி துன்னப் போறான். அவனுக்காக நான் எதுக்கு அழிக்கணும்?" என்பாள்.

செத்தவர்களும் அப்படித்தான். மறைந்துதான் இருந்தார்கள். அடுத்த கல்யாண பேனரில் மேல் மூலையிலிருந்து ஆசீர்வாதம் செய்ய அவர்களும் வரவேண்டுமே.

இதற்கெல்லாம் தோதாக அமைந்த மென்பொருளுக்குப் பெயர் சாயம். படூரில் ஒரு மாடியில் ஒன்பது பேர் சேர்ந்து செய்தது. தமிழ் எழுத்து அதில் உடையாது, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போகாது. ஒரு பொத்தானைத் தட்டினால் போட்டோவைச் சுற்றி மாலை விழும். தகராறு என்றால் சிநேகாவைக் கூப்பிடலாம். "சொல்லுங்கக்கா" என்று போனை எடுக்கிற சிநேகா, மாவட்டத்தில் பாதி பேனர் டிசைனர்களின் கடைப் பெயரோடு அவர்கள் பிள்ளைகளின் பெயரையும் தெரிந்துவைத்திருந்தாள்.

அந்தச் சாயத்தைத்தான் பெங்களூரில் கண்ணாடிக் கட்டடம் வைத்திருக்கிற ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது.

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் செய்தி வந்து நின்றது. சாயம் ஒரு பெரிய குடும்பத்தில் இணைகிறதாம். மாதக் கடைசியோடு பழைய சாயம் திறக்காதாம். ஃபைல்கள் எல்லாம் புதியதற்குத் தாமாகவே மாறிவிடுமாம். கவலை வேண்டாமாம். அதுவரை சும்மா இருந்த விஜயகுமாரிக்கு, கவலை வேண்டாம் என்பதைப் படித்த பிறகுதான் கவலை வந்தது. முந்நூறு குடும்பமும் அவளை நம்பித்தான் போட்டோ கொடுத்திருந்தன. யார் யாரோடு பேசுவதில்லை என்பதையும் சேர்த்துக் கொடுத்திருந்தன. அந்த ஃபைல்கள் கெட்டால் அவள் கடையும் இல்லை, அவள் பேரும் இல்லை.

டிசைனர்களின் வாட்ஸ்அப் குழுவில் பத்து மணிக்குள் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் தொழிலையே விட்டுவிட்டு டிபன் கடை வைக்கப் போவதாக அறிவித்தார். இன்னொருவர் புதியதில் மாலைப் பொத்தான் இருக்குமா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவர், சாயத்தை ஒருநாளும் காசு கொடுத்து வாங்காமல் திருட்டுக் காப்பியிலேயே காலம் தள்ளியவர். துரோகம் என்ற வார்த்தையை அவர்தான் முதலில் போட்டார்.

விஜயகுமாரி சிநேகாவைக் கூப்பிட்டாள். எப்போதும் இரண்டாவது மணியில் எடுப்பவள் அன்று நேரம் கழித்து எடுத்தாள்.

"இன்னா சிநேகா, இப்புடி பண்ட்டாங்க?"

"எங்களையும் சேத்துதான்க்கா வித்துட்டாங்க. ஒம்போது பேர்ல யாரை வெச்சிப்பாங்கன்னு தெரியல. நாளைக்கு சாயந்தரம் பஸ் ஏறி பெங்களூருக்கு வரச் சொல்லிகீறாங்க."

விஜயகுமாரிக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து தன் ஃபைலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் வேலையைப் பற்றி நினைக்கவே இல்லை.

"உங்க ஃபைலுங்க கதை இன்னா ஆவும்னு அங்க கேக்குறேங்க்கா. எனக்கும் அதான் பயமா கீது," என்றாள் சிநேகா.

கருங்குழியில் கடை வைத்திருக்கிற மோகனுக்குப் பயப்படுகிற சுபாவம் கிடையாது. கோபப்படுகிற சுபாவம்தான். அவர் மதியம் போன் செய்தார்.

"தங்கச்சி, மெயில் போடுறது, கையெழுத்து வாங்கறதெல்லாம் பேஜாரு. நாம யாரு? பேனர் போடுறவங்க. நாம பேனர்தான் போடணும். சாயத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போடு. படூர் ஆபீஸுக்கு எதுக்க கட்டுவோம். நாளை கழிச்சி பத்து மணிக்கு எல்லாரும் போய் நிப்போம்."

அதைக் கேட்டதும் விஜயகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாதவள் உட்கார்ந்து ரசித்து வேலை செய்தாள். வழக்கப்படி டிசைனர் குழுவின் ஃபைலையே திறந்தாள். குழுவும் ஒரு குடும்பம்தானே, அதற்கும் ஒரே ஃபைல்தான். போன வருஷம் சிநேகாவின் பிறந்தநாளுக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு வாழ்த்து போட்டிருந்தார்கள். நடுவில் வட்டத்துக்குள் மஞ்சள் சுடிதாரில் சிநேகா, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். விஜயகுமாரி அந்தப் படத்தின் கண்ணைத் தட்டி மறைத்தாள். பழைய வாழ்த்து எழுத்தின் மேல் கறுப்புப் பின்னணியைப் போட்டு மூடினாள். அதே வட்டத்துக்குள், மறைத்த படத்துக்கு அடியில், சாயத்தின் சின்னத்தை வைத்தாள். மாலை போட்டாள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தாள். மேலே பெரிதாகக் கண்ணீர் அஞ்சலி. கீழே, 'தோற்றம் 2013, மறைவு இம்மாதக் கடைசி. பிரிவால் வாடும் செங்கல்பட்டு மாவட்ட பேனர் டிசைனர்கள்.'

மாமல்லபுரத்தில் ஃபிளெக்ஸ் மெஷின் வைத்திருக்கும் கலைவாணனுக்கு ஃபைலை அப்படியே அனுப்பினாள். அவர்தான் அவளுக்கு எப்போதும் அச்சடித்துத் தருபவர். கடற்கரை விடுதிகளின் பெயர்ப் பலகைகள் குவிந்துகிடந்ததால் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. அச்சில் என்ன வருகிறது என்று படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஓரம் வெட்டி வளையம் அடித்துச் சுருட்டுவதோடு சரி. ஒரு நாள் விட்டு மறுநாள் விடியற்காலையிலேயே அவருடைய ஆட்கள் படூருக்குப் போய், ஆபீஸுக்கு எதிரில் இருந்த காலி மனையில் சவுக்குக் கட்டை நட்டுப் பேனரைக் கட்டிவிட்டு வந்துவிட்டார்கள்.

ஏழரை மணிக்கு விஜயகுமாரி தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தபோது போன் விடாமல் துடித்தது. குழுவில் யாரோ பேனரைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். அதன் கீழே வரிசையாகக் கும்பிடு. 'நம்ப முடியவில்லை.' 'சின்னப் பொண்ணாச்சே.' 'எப்படி ஆச்சு?' கீழே இருந்த வரியை யாரும் படிக்கவில்லை போலிருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தாள். கறுப்புப் பின்னணி. மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவட்டத்தில் மஞ்சள் சுடிதாரில் சிநேகா, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறைத்தோமே, கண்ணைத் தட்டினோமே என்று கடையிலிருந்த ஃபைல் மனசுக்குள் ஓடியது. கலைவாணனைக் கூப்பிட்டு எதில் திறந்தார் என்று கேட்டாள். "நேத்துதான் புதுசுக்கு மாறுனேன். தானாவே மாத்திக்கிச்சிம்மா," என்றார் அவர். சாயம் மறைத்துவைத்ததை எல்லாம் புதியது திறந்து வைத்துவிட்டது. சின்னத்தை மூடிக்கொண்டு சிநேகா வந்து நின்றுவிட்டாள். அடுப்பை அணைத்தாளா என்றுகூட நினைவில்லை, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். வழி நெடுக சிநேகாவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

படூரில் பேனருக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. அதன் நடுவில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள் செல்லம்மா, சிநேகாவின் அம்மா. பக்கத்து அபார்ட்மென்டில் துப்புரவு வேலை செய்பவள். சேலைக்கு மேல் நீலச் சீருடைச் சட்டையோடு வேலைக்குப் போகிற வழியில் பேனரைப் பார்த்திருக்கிறாள். புருஷன் போன பிறகு அவளுக்கு இருப்பது அந்த ஒரே பெண். முந்தின நாள் சாயந்தரம் பஸ் ஏற்றி அனுப்பியவள், காலையில் மகளை மாலைக்குள் பார்த்தால் என்ன நினைப்பாள்? பஸ் கவிழ்ந்துவிட்டது, ஆபீஸ்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்றே முடிவு கட்டிவிட்டாள்.

அவள் அழவில்லை. அதுதான் விஜயகுமாரியைக் கொன்றது. பேனரையே பார்த்துக்கொண்டு, "நேத்து சப்பாத்தி கட்டிக் குடுத்தேன், நேத்து சப்பாத்தி கட்டிக் குடுத்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. நான்தான் தப்பா போட்டேன். கம்ப்யூட்டர்ல தப்பாயிடுச்சி. உன் பொண்ணு நல்லா கீறா!"

செல்லம்மாவுக்கு ஒரு சொல்கூட ஏறவில்லை. விஜயகுமாரி அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து மறுபடி மறுபடி எண்ணை அழுத்தினாள். பதினேழாவது தடவையோ பதினெட்டாவது தடவையோ மணி அடித்தது.

"அக்கா, இப்பதான் போன்ல சார்ஜ் ஏறிச்சி. மீட்டிங்குல கீறேன்..."

விஜயகுமாரி போனைச் செல்லம்மாவின் காதில் வைத்து அழுத்தினாள்.

"அலோ? யாரு? அம்மாவா?"

செல்லம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நாஸ்தா துன்னியாடி?" என்று கேட்டாள்.

"துன்ட்டேம்மா. இட்லி. இன்னாம்மா, குரலே சரியில்ல?"

அப்போதுதான் செல்லம்மா ஓவென்று அழுதாள். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அழுதார்கள். கருங்குழியிலிருந்து கோஷம் போடத் தயாராக வந்து இறங்கிய மோகன், கோஷத்தை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விஜயகுமாரி போனை வாங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தாள். "என்னை மன்னிச்சிடு சிநேகா. உங்கம்மாவ இப்புடி குந்த வெச்சிட்டேன்," என்று முடித்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. சிநேகா கேட்டதோ வேறு.

"கலைவாணன் அண்ணன் புதுசுலதானே திறந்தாரு?"

"ஆமா."

"அக்கா, பேனர் தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுங்க. எங்கம்மா அதுக்கு முன்னாடி கீற மாதிரியே எடுங்க. உடனே அனுப்புங்க."

விஜயகுமாரிக்கு மனசு வரவில்லை. அழுத முகத்தோடு ஒரு தாயை, மகளின் அஞ்சலிக்கு முன்னால் நிறுத்திப் படமெடுக்கவா? செல்லம்மாதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எடு. எம் பொண்ணு கேட்டா காரணம் இல்லாம கேக்கமாட்டா."

பெங்களூரில் நடந்ததை சிநேகா பிறகுதான் சொன்னாள். அன்று காலை அவள் அந்தக் கூட்டத்தில் மறைந்த அடுக்குகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். மாற்றும்போது எல்லாம் வெளியே வந்துவிடுகிறது, எங்கள் ஊரில் குடும்பமே உடையும் என்றிருக்கிறாள். மறைத்து வைத்தது தேவையில்லாத குப்பைதானே, யார் அப்படி வேலை செய்கிறார்கள் என்று ஒரு பெரிய மனிதர் கேட்டிருக்கிறார். அந்த நேரத்தில்தான் போன். சிநேகா, வந்த படத்தைச் சுவரில் இருந்த பெரிய திரையில் போட்டாள். மாலைக்குள் அவள், கீழே நீலச் சீருடையில் வீங்கிய கண்ணோடு ஒரு பெண்மணி.

"யார் இந்த அம்மா?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"எங்கம்மா சார். அரை மணி நேரமா நான் செத்துட்டேன்னு நெனச்சிகினு இருந்தாங்க."

நானூறு மெயில் போட்டிருந்தாலும் அசையாததை அந்த ஒரு படம் அசைத்தது. சாயந்தரமே புது அறிவிப்பு வந்தது. பழைய சாயம் இன்னும் ஒரு வருஷம் ஓடும். மறைந்தவை மறைந்தே இருக்கும்படி சரிசெய்யாமல் யாருடைய ஃபைலும் மாற்றப்படாது. சிநேகாவின் வேலை என்ன ஆகும் என்பது மட்டும் அதில் இல்லை. குழுவில் மோகன் இதைத் தன் வெற்றியாகவே கொண்டாடினார். திருட்டுக் காப்பிக்காரரும் கைதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை செல்லம்மா திருப்போரூர் கடைக்கு வந்தாள். பின்னால் சந்தில் சிநேகா, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றிருந்தாள். விஜயகுமாரி திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றாள்.

"அபார்ட்மென்டுல எல்லாரும் எனக்குத் துக்கம் கேக்குறாங்க. செத்துப்போன பொண்ணு எப்புடி வேலைக்குப் போறான்னு பாக்குறாங்க. சாவுக்குப் போட்ட இல்ல? இப்ப எம் பொண்ணு உசுரோட கீறான்னு ஒண்ணு போடு. அதே எடத்துல கட்டு."

"போட்டுடறேம்மா," என்றாள் விஜயகுமாரி. பெரிய பாரம் ஒன்று இறங்கியது. உடனே ஃபைலைத் திறந்து, மறைந்திருந்த சிநேகாவை வரவழைத்தாள். கறுப்புப் பின்னணி, மாலை, குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றின் கண்ணாகத் தட்டி மறைத்துக்கொண்டே போனாள். செல்லம்மா அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"இன்னா பண்ற?"

"மறைக்கிறேம்மா. இனிமே தெரியாது."

"மறைக்காத. அழி."

விஜயகுமாரியின் விரல் நின்றது. பதினோரு வருஷத்தில் செத்தவரையோ, சண்டைக்காரரையோ, ஓடிப்போனவரையோ அவள் அழித்ததில்லை. சந்தில் நின்ற சிநேகாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கறுப்புப் பின்னணியை அழித்தாள். மாலையை அழித்தாள். குத்துவிளக்கு இரண்டையும், சாயத்தின் சின்னத்தையும், அஞ்சலி எழுத்துகளையும் அழித்தாள். பழைய வாழ்த்துக்கு நடுவில் மஞ்சள் சுடிதார் மட்டும் மிஞ்சியது.

"அடியில, பேனர் வெக்கிறவங்க பேரு இன்னான்னு போடட்டும்?" என்று கேட்டாள் விஜயகுமாரி.

"செல்லம்மா, சிநேகாவோட அம்மா," என்றவள், நீலச் சீருடையின் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். "என்னையும் ஒரு போட்டோ புடி. இந்த வாட்டி அழாம நிக்கிறேன்."