பூப் போட இரண்டு கை

மகளைத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆனந்தமேரி ஒரு வாரமாக மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மாதா பதில் சொல்லவில்லை. கூடத்து மாடத்தில், நீல முக்காட்டுடன், எப்போதும் போலக் கீழே பார்த்தபடி நின்றிருந்தாள்.

பெர்னதெத்துக்கு ஒன்பது வயது. குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதம் அவள் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. முட்டியைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் நடப்பாள். அந்த இடத்தில் தோல் கறுத்துத் தடித்துவிட்டது. ஆபரேஷன் செய்து முட்டியை நிமிர்த்தி, இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் மாட்டினால், கை ஊன்றாமல் நடக்கலாம் என்றார் டாக்டர். நிச்சயமா என்று கேட்டதற்கு, விரலை மேலே காட்டினார்.

மேலே இருப்பவரோடுதான் ஆனந்தமேரிக்குக் கணக்குத் தீராமல் இருந்தது. மூத்தவன் ஆரோக்கியம் காய்ச்சலில் கிடந்தபோது, இதே போல வேண்டிக்கொண்டு, இதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போனாள். ஊசி போடும் நேரம் அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவள் வெளியே நின்றபோதே எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகும் பூசைக்குப் போனாள், ஜெபமாலை சொன்னாள். ஆனால், "உம்முடைய சித்தம்" என்று வரும் இடத்தில் மட்டும் அவள் குரல் தாழ்ந்துவிடும்.

கணவன் அமலநாதன் பஞ்சாலைத் தொழிலாளி. "நீ இன்னா சொல்றியோ அதான் மேரி" என்றுவிட்டான். அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்பு ஒரு மூட்டையைப் போல அவள் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை தெருக் குழாயடியில் பக்கத்து வீட்டு ஜெயம் அவளை உலுக்கினாள்.

"இன்னா மேரி, கொடம் வழிஞ்சி தெருவெல்லாம் ஓடுது. எந்த ஊர்ல நிக்கிற நீ?"

ஆனந்தமேரி சொன்னாள். ஜெயம் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு கேட்டாள்.

"இதுக்கா இப்படி மொகத்தத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிற? பூ கட்டிப் பாரேன். ரெண்டு பொட்டலம். ஒண்ணுல வெள்ள, ஒண்ணுல செவப்பு. ராவுக்கு சாமி கால்ல வெச்சிட்டு, காலைல கொழந்தைய விட்டு ஒண்ண எடுக்கச் சொல்லு. வெள்ள வந்தா செய். செவப்பு வந்தா வுட்டுடு."

"எங்க சாமியாருக்குத் தெரிஞ்சா, கோயில் வாசல்லயே நிக்க வெச்சிக் கேப்பாரு."

"அவருகிட்டயா கேக்கற? உன் மாதாகிட்ட கேக்கற. எங்க ஆத்தா பதில் சொல்லுவா, உங்க ஆத்தாவுக்கு வாய் இல்லியா?"

ஆனந்தமேரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பொழுது சாய்ந்ததும் அவள் கால்கள் மதில் பக்கம் போயின. அங்கே ரங்கூன் மல்லிக் கொடி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஒரே கொத்தில் வெள்ளையும் இருந்தது, சிவப்பும் இருந்தது. நிறத்துக்கு ஒன்றாகக் கிள்ளி, தனித்தனி வாழை இலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டி, மாதாவின் காலடியில் வைத்தாள்.

"தாயே, நீ சொல்றத நான் கேக்கறேன்."

சொன்னது பொய். முழங்காலில் இருந்தபடியே அது அவளுக்குத் தெரிந்தது. மனசு சிவப்பைத்தான் கேட்டது. சிவப்பு வந்தால் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம். நாளைக்குப் பெரியவளாகி, "ஏம்மா என்னை இப்படியே விட்டுட்டே" என்று மகள் கேட்டால், மாதாவின் பக்கம் கை காட்டிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்பும் முன், பெர்னதெத் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

ஆனந்தமேரியின் நெஞ்சுக்குள் ஒரு வாரமாக இறுகியிருந்தது விட்டது. விட்ட வேகத்தைக் கண்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"இதுவும் செவந்துதாம்மா இருக்கு." கேட்காமலே மற்றதையும் பிரித்துவிட்டிருந்தாள் மகள். "ரெண்டுலயும் ஒண்ணத்தானே வெச்சிருக்கே. இன்னா வெளையாட்டு இது?"

ஆனந்தமேரி வாங்கிப் பார்த்தாள். நேற்று அந்தியில் பால் போல இருந்த பூ. ரங்கூன் மல்லி அந்தியில் வெளுப்பாகத்தான் மலரும், விடிவதற்குள் நிறம் ஏறிவிடும். இந்த வீட்டுக்குக் குடி வந்த நாளிலிருந்து தினமும் பார்க்கிறாள். அந்தப் பூவைப் போய் மாதாவின் காலடியில் வைத்திருக்கிறாள்! சிரிக்க ஆரம்பித்தவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்கும்மா பூ வெச்சே?"

மறைக்கத் தெம்பில்லை. சொன்னாள்.

"என் காலுக்கா? அப்போ என்னையே கேட்டிருக்கலாம் இல்ல?"

ஆனந்தமேரி நிமிர்ந்து பார்த்தாள். டாக்டரைக் கேட்டாள், கணவனைக் கேட்டாள், மாதாவைக் கேட்டாள். இவளைக் கேட்கத் தோன்றவே இல்லை.

"சரி, சொல்லு. நடக்கணும்னு ஆசையா இருக்கா?"

"நான்தான் நடக்கறேனே" என்றாள் பெர்னதெத், சற்றுக் கோபத்தோடு. "எனக்குக் கைதான் வேணும். வில்லியனூர் மாதா தேருக்கு முன்னாடி பூப் போட்டுக்கினு போவாங்க இல்ல? ஒரு கையால கூடையப் புடிக்கணும், ஒரு கையால பூவப் போடணும். என் ஒரு கை முட்டியிலயே மாட்டிக்கிச்சு. அதனால கன்னியர் மடத்து மசேர் என்னை வரிசையில சேக்கறதே இல்ல."

வருடா வருடம் தேர் பார்க்கப் போகிறார்கள். மகள் கூட்டத்தில் தன் இடுப்பை ஒட்டி நின்று பார்த்தது தேரை என்றே ஆனந்தமேரி நினைத்திருந்தாள்.

"பயமா இல்லியாடி?"

"பயந்தான். நீ கூட இருப்பே இல்ல?"

"உள்ள விடமாட்டாங்க கண்ணு."

பெர்னதெத் கொஞ்சம் யோசித்தாள். "கதவுக்கு வெளிய இருப்பியா?"

"இருப்பேன்."

"அப்போ சரி."

அன்று வெளியே நின்றதைத்தான் ஆனந்தமேரி இத்தனை நாளும் தன் குற்றமாகச் சுமந்து வந்தாள். இந்தப் பெண்ணுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியம் தனியாகவா கிடந்தான்? அவளை வெளியே அனுப்பியவர்கள் ஆண்டவரையும் வெளியே அனுப்பியிருக்க முடியுமா? அந்தக் கேள்வி இன்றுதான் அவளுக்குள் வந்தது. பதில் தெரியவில்லை. ஆனால் கேட்டதும் நெஞ்சில் எங்கேயோ ஒரு ஜன்னல் திறந்தது போல இருந்தது.

எழுந்து இரண்டு பொட்டலத்துப் பூவையும் மாதாவின் காலடியிலேயே கொட்டினாள். இந்தத் தடவை எதையும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சேர்த்தார்கள். ஆபரேஷன் அன்று காலை, தள்ளுவண்டியில் போன மகள் திரும்பிப் பார்த்து, இரண்டு கைகளையும் உயரத் தூக்கி ஆட்டினாள். கதவு மூடிக்கொண்டது. ஆனந்தமேரி நகரவில்லை. எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஜெபமாலையை எடுத்துக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் வெளிய இருக்கேன். நீ உள்ள இரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமலநாதன் திடுக்கிட்டுத் திரும்பினான். "இன்னா சொன்னே?"

"உங்ககிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு, மணியை உருட்டத் தொடங்கினாள். "உம்முடைய சித்தம்" என்ற இடம் வந்தது. அவனுக்கும் கேட்கும்படி சொன்னாள்.