கடைசியாகச் சேமித்தவர்

பச்சை டிக் என்றாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் நடத்தும் கட்டட ஆபீஸில் டிராயிங் போடுகிறவள் அவள். ஒரு வருஷமாக அங்கே எல்லா டிராயிங்கும் கிளவுடில்தான். இனிமேல் சைட்டுக்கு ஒரு தாள்கூடப் போகக் கூடாது என்று அண்ணன் சட்டம் போட்டு, பிரிண்டரைத் தூக்கி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டான். அவள் ஆபீஸில் ஒரு கோடு போட்டால், சைட்டில் மேஸ்திரி கையிலிருக்கும் டேப்லெட்டில் அடுத்த நிமிஷமே அந்தக் கோடு வந்து நிற்குமாம், வந்துவிட்டதற்கு அடையாளமாகப் பக்கத்தில் பச்சை டிக் விழுமாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டான்.

நடந்த லட்சணம் வேறு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'ஒத்திசைக்கிறது' என்று அரை நாள் சக்கரம் சுற்றும். அவளுடைய போனோ, இடமில்லை, சந்தாவைக் கூட்டு என்று நச்சரிக்கும். திடீரென்று ஒருநாள் ஒரே வீட்டுக்கு நாலு டிராயிங் கிடக்கும். நாலுக்கும் ஒரே பெயர், பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வால். எது புதியது என்று பார்க்கப்போனால் நாலுக்குப் பக்கத்திலும் பச்சை டிக் இருக்கும். அண்ணனிடம் சொன்னால், "உனக்கு யூஸ் பண்ணத் தெரியல" என்பான். மாதத்துக்கு இரண்டு தடவை பாஸ்வேர்டை மறக்கிற மகாராஜா சொல்கிற பேச்சு அது.

பள்ளிக்கூடப் படிக்கட்டில்தான் விஷயம் முற்றியது. மழலையர் பள்ளி, ஏறி இறங்கப்போவது மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள். முதலில் போட்ட டிராயிங்கில் பதினாறு படி, ஒவ்வொன்றும் ஏழரை அங்குல உயரம். பள்ளியை நடத்தும் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, இதில் பிள்ளைகள் தவழ்ந்துதான் ஏறும் என்றார். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து இருபத்துநாலு படியாக்கினாள். உயரத்தை ஐந்து அங்குலமாகக் குறைத்தாள், கைப்பிடியையும் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி இறக்கினாள். சேமித்து, பச்சை டிக் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கைப்பையை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை டீச்சர் போன் பண்ணினார். குரலில் இருந்த சூட்டைக் கேட்டுவிட்டு அவள் அப்படியே சைட்டுக்கு ஓடினாள். பதினாறு படி, கான்கிரீட் போட்டு இறுகிக் கிடந்தது. முதல் படியில் கால் வைத்ததுமே அளவு நாடா தேவையில்லாமல், அதே ஏழரை அங்குலம் என்று தெரிந்துவிட்டது.

அண்ணன் அவளுக்கு முன்பே வந்து டீச்சரிடம் பேசி முடித்திருந்தான். மேஸ்திரி அசட்டையாகப் பழைய டிராயிங்கைப் பார்த்துக் கட்டிவிட்டார், படிக்கட்டை இடித்துக் கட்டித் தருகிறோம், திங்கட்கிழமையிலிருந்து வேறு மேஸ்திரி வருவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு யாருக்கோ போன் பேச முற்றத்துக்குப் போயிருந்தார். பதினெட்டு வருஷமாக இவர்களுக்கு வேலை செய்கிற மேஸ்திரி, டேப்லெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். இந்தக் கெட்ட பெயரோடு வெளியே போனால் அடுத்த வேலைக்கு அவரை யார் கூப்பிடுவார்கள்?

"புது டிராயிங் வரும்னு தங்கச்சி சொல்லியிருந்தாங்க," என்றார் அவர். "அதனாலதான் கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி உங்களுக்கே போன் போட்டுக் கேட்டேன். பச்சை டிக் இருக்குல்ல, அப்புறம் என்னய்யான்னீங்க."

"டிக்க மட்டும் பார்த்தா போதுமா? உனக்குன்னு மூளை வேணாமா?" என்றான் அண்ணன்.

ஒரு வருஷமாக அந்த டிக்கைச் சாமியாகக் கும்பிட்ட வாய் அது. அவள் சிமெண்ட் மூட்டை மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள். சக்கரம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, கணக்கின் உரிமையாளர் போனுக்கு ஆறு எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது. உரிமையாளர் அண்ணன்தான். அவன் சலித்துக்கொண்டே போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான்.

டிராயிங்கின் வரலாறு திறந்தது. கடைசியாகச் சேமித்தவர் என்ற தலைப்புக்குக் கீழே வரிசையாகத் தேதிகள். திங்கள் மாலை ஆறு பத்துக்கு அவள். அதற்கு மேலே, செவ்வாய் காலை ஏழு நாற்பதுக்கு, அண்ணனின் பெயர், அண்ணனின் வீட்டுக் கம்ப்யூட்டர்.

ஒரு மாதமாக அணைந்து கிடந்த கம்ப்யூட்டர் அது. அதற்குள் இருந்தது பழைய பதினாறு படிதான். புதியது வந்து இறங்குவதற்குள் இவன் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கிறான். மூடும்போது சேமிக்கவா என்று கேட்டிருக்கும். எதைக் கேட்டாலும் சரி என்று அமுக்குகிற ஆள், இதற்கும் அமுக்கியிருக்கிறான். கடைசியாக வந்ததே புதியது என்று அந்த அறிவுகெட்ட கிளவுடும் நம்பி, பழைய படிக்கட்டைப் பச்சை டிக்கோடு எல்லோருக்கும் அனுப்பிவிட்டது. அவளுடைய ஒருநாள் உழைப்பு 'முரண்பட்ட நகல்' என்ற வாலோடு ஒரு மூலையில் கிடந்தது.

"நான் சும்மா திறந்துதான் பார்த்தேன்," என்றான் அண்ணன்.

"மேஸ்திரியும் திறந்துதானே பார்த்தார். அதுவும் உன்கிட்ட கேட்டுட்டுப் பார்த்தார்."

மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அண்ணன் முற்றத்துப் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு அவள் பக்கத்தில் குனிந்து, மெதுவாகக் கேட்டான்.

"இந்த வரிய அழிக்க முடியுமா?"

இந்த ஒரு வருஷத்தில் சொல்லாமல் கொள்ளாமல் எத்தனை அழிந்து போயிருக்கிறது! மூன்று நாள் எடுத்த மனை அளவுகள், ஒரு வீட்டின் மொத்தத் தண்ணீர்க் குழாய் டிராயிங், அவள் ராத்தூக்கம் கெட்டுப் போட்டதெல்லாம் போனது. உதவிக்கு எழுதினால், உங்கள் கோப்புகள் பாதுகாப்பாக உள்ளன என்று ஏதோ மெஷின் பதில் சொல்லும். அழாத குறையாகக் கெஞ்சியபோதெல்லாம் அசையாத இவன், இன்றைக்கு அழிக்க வழி கேட்கிறான். மேஸ்திரிக்குக் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர்தான் தப்பு செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். அவளால் அதைத்தான் பார்க்க முடியவில்லை.

"முடியும்," என்றாள்.

அண்ணன் முகம் தெளிந்தது. அவள் லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்து, அவன் பின்னாலேயே கூப்பிடக் கூப்பிட, முற்றத்துக்கு நடந்தாள்.

"டீச்சர், போனை வச்சிட்டு இதக் கொஞ்சம் பாருங்க. படிக்கட்டு எப்படித் தப்பாச்சுன்னு இதுல இருக்கு."

வெயிலில் எழுத்து தெரியவில்லை. திரையின் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி, அண்ணன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினாள்.