மூன்றாம் மாடியில் இருமக்கூடாது

மெத்தையின் ஒரு முனையைத் தோளில் ஏற்றும்போதே ஜெயமணிக்குத் தொண்டை அரித்தது. கன்னத்தில் ஒதுக்கியிருந்த சித்தரத்தைத் துண்டை நாக்கால் புரட்டிச் சப்பினான். காரம் இறங்க, வந்த இருமல் வந்த வழியே போனது. மறுமுனையைப் பிடித்திருந்த உஸைர் திரும்பிப் பார்த்தார். அந்த மாடிக்கு அவர்தான் சூப்பர்வைசர், காயல்பட்டினத்துக்காரர்.

"இன்னுமால சரியாவல?"

"தூசி பாய். வேற ஒண்ணுமில்ல."

அமீரகத்தின் அல் ஐனில் அந்த ஓட்டலின் மூன்றாம் மாடி முழுக்க அன்று மாலையிலிருந்து ஒரு சைக்கிள் பந்தய டீமுக்கு. படுக்க மெத்தை, தலையணை, சமைக்க ஆள் என்று எல்லாவற்றையும் அவர்களே கொண்டுவருகிறார்கள். ஓட்டல் மெத்தைகளை வெளியேற்றி, அறைகளை மருந்து போட்டுத் துடைக்க வேண்டும். சளி, இருமல் உள்ள எவனும் மாடிப்பக்கமே தலைகாட்டக்கூடாது என்று டீம் டாக்டர் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்.

"வருசத்து மொத ரேஸுதானாமே பாய்? சும்மா கால ஒதறிப் பாக்க வாராங்களாம். பெரிய ரேஸு ஜூலையிலதானாம். வேன் டிரைவர் சொல்லுதான்."

"அவன் சொல்லுவான். நீ வாயப் பொத்திக்கிட்டு வேலயப் பாருல. ஒம் பேர ஓட்டல் விசாவுக்குக் குடுத்திருக்கேன். இந்த வாரம் நல்லபடியாப் போவட்டும்."

ஜெயமணி காண்ட்ராக்ட் கம்பெனி ஆள். தொழிலாளர் கேம்ப் ரூமில் ஏசியைப் போட்டால் கறுப்புத் தூசி கொட்டும், போடாவிட்டால் வேகும். எத்தனை முறை சொல்லியும் சரிசெய்ய யாரும் வரவில்லை. இருமல் அந்த ஏசி கொடுத்த சீதனம். ஓட்டல் விசா கிடைத்தால் நல்ல ரூம், ஆஸ்பத்திரி கார்டு, வருஷாவருஷம் லீவு. கைக்கு எட்டியது வாய்க்கும் எட்டிவிட வேண்டுமே என்று அவனுக்கு ஒரே பதைப்பாக இருந்தது.

டீம் வந்தது. மலையேறும் பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை, துண்டு வைக்கப் போன ஜெயமணி கடைசி அறையின் கதவைத் தட்டினான். உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம். அதற்கடியில், துணியில் முகம் புதைத்து யாரோ இருமுகிற சத்தம். அது அவனுக்குத் தெரியாத சத்தமா?

கதவைத் திறந்த பந்தயக்காரனுக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். கண் சிவந்திருந்தது. உதட்டில் விரலை வைத்தான். பிறகு, ஜெயமணியின் கன்னத்தைக் காட்டி என்ன என்று கேட்டான்.

"காஃப் மெடிசின் சார். ரூட். குட்."

தெரிந்த சொற்களாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பந்தயக்காரன் ஆங்கிலத்தில் சொன்னான்: டாக்டருக்குத் தெரிந்தால் நாளைக்குப் பந்தயத்தில் இறக்கிவிடமாட்டார்கள். இந்த வருஷத்தோடு காண்ட்ராக்ட் முடிகிறது. காண்ட்ராக்ட் என்ற சொல்லுக்கு மட்டும் ஜெயமணிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பிக் ரேஸ் ஜூலை, நோ சார்?"

அவன் சிரித்தான். ஜூலையில் யார் ஓட்டுவது என்று இங்கேதான் முடிவு பண்ணுவார்கள் என்றான்.

ஜெயமணிக்கு மனசு கேட்கவில்லை. பையிலிருந்த வேரை ஒடித்து ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு வந்தான். இருமுகிற பிள்ளைக்கு ஊரில் யாரும் செய்கிற காரியம்தான்.

காலையில் உஸைர் பதறிக்கொண்டு வந்து கூப்பிட்டார். கடைசி அறை வாசலை அடைந்ததும், பெரிய மனுஷர்கள் முன்னால் எதையாவது சப்பிக்கொண்டு நிற்கலாமா என்று ஜெயமணி வாயிலிருந்ததைக் காகிதத்தில் துப்பி மடித்துக்கொண்டான்.

டாக்டர் கையுறை போட்ட விரலால் பிளாஸ்டிக் பை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். உள்ளே அந்தத் துண்டு, தொடப்படாமல்.

"அது என்னன்னு தெரியாம உள்ள போயி, ஊக்கமருந்து டெஸ்ட்ல எதாவது காட்டிச்சுன்னா அவனத் தூக்கிருவாங்களாம்" என்றார் உஸைர். "நீதான் வச்சியால? இதுக்கு முந்தி பாத்ததேயில்லன்னு அவன் சொல்லுதான்."

பந்தயக்காரன் குனிந்து ஷூவைப் பூட்டிக்கொண்டிருந்தான். பூட்டினதையே மறுபடியும் பூட்டினான். அவன் கழுத்து நரம்பு துடித்தது. இருமலை அடக்குகிறான் என்று அந்த அறையில் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

ஜெயமணி வாயைத் திறந்தான். சொல்ல வந்ததற்கு முன்னால் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நிற்காமல் இருமினான். டாக்டர் பின்னுக்கு நகர்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

லிஃப்டில் உஸைர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டியேல. அவன் கேட்டான்னு சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா அவனும் போவான் பாய்."

"ஒம் பேர எடுக்கச் சொல்லிட்டாங்க. கலாஸ், முடிஞ்சுபோச்சு."

கேம்புக்குப் போன வேனை மலையடிவாரத்தில் போலீஸ் நிறுத்தியது. பந்தயம் முடிகிறவரை பாதை கிடையாது. ஜெயமணி இறங்கி, தடுப்புக்கம்பி ஓரம் நின்ற கூட்டத்தோடு நின்றான்.

மோட்டார் சைக்கிள்கள் போயின. பின்னால் சைக்கிள்கள். நடுவில் அந்தக் கடைசி அறைப் பையன், வாயைத் திறந்து, தோள் குலுங்க இருமிக்கொண்டே மிதித்தான். டீம் காரிலிருந்து நீண்ட ஒரு கை அவனுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தது. கூட்டம் கைதட்டியது.

ஜெயமணிக்கும் இருமல் வந்தது. பக்கத்தில் நின்ற பெண் தன் குழந்தையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். போலீஸ்காரர் அவனைப் பார்த்து, கம்பியை விட்டுத் தள்ளிப் போகும்படி கையைக் காட்டினார்.