கவர் எங்கம்மா?

கடையில் தையல்காரி பதினேழாவது கேக் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கண்ணுக்கே பிடிபடாத பொடி எழுத்து. எறும்பு படிப்பதற்காகவே அச்சடித்திருப்பான் போல.

மாவு, சர்க்கரை, எண்ணெய், வாழைப்பழம். பால் இல்லை, முட்டை இல்லை, கடலை இல்லை. 'கலந்திருக்கலாம்' என்ற பாழாய்ப்போன வரியும் இல்லை! சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு வயது மகளுக்குப் பால், முட்டை, கடலையில் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உடம்பெல்லாம் தடித்துவிடும். கேக்கை அவள் கண்ணால்தான் தின்றிருக்கிறாள்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, கவரைக் கிழித்தெறிந்து, கேக்கைத் தட்டில் வைத்து மகளைக் கூப்பிட்டாள். மகளுக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆனாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கவர் எங்கம்மா?"

"நான் மூணு தடவ படிச்சிட்டேன்டி தங்கம்!"

"நானும் படிக்காம வாயில வைக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

அம்மா குப்பைக்கூடையைக் கவிழ்த்து, வெங்காயத் தோலுக்கு நடுவிலிருந்து கவரைத் தோண்டி எடுத்தாள். மகள் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பரீட்சை முடிவுக்கு நிற்பவளைப் போல அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாஸ்!" என்று கத்தி, மகள் பெரிதாக ஒரு வாய் கடித்தாள். மென்று விழுங்கினாள். சட்டென்று கவரை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

அம்மாவுக்குப் பகீரென்றது. "என்னடி ஆச்சு?"

"இவங்க ஆரஞ்சு கேக்கும் பண்றாங்களாம்மா! செருப்பப் போடு, அந்தக் கவரையும் படிச்சிட்டு வந்துடலாம்!"